நியமப் போத்தலுக்கு ஊர் எது?

சென்ற மாதம் திருகோணமலையில் இளம் இரசாயனவியல் ஆசிரியர்கள் கூடிய ஒரு பயிற்சி வகுப்பில் என்னை ஒரு மணித்தியாலம் பேசச் சொன்னார்கள். ஓய்வு பெற்ற பிறகு என்னை ஒருவரும் அவ்வளவு நேரம் பேச விட்டதில்லை. வீட்டில் என் கணவர் பத்து நிமிடத்திலேயே பத்திரிகையை விரித்து முகத்தை மறைத்துக்கொள்வார். ஆகவே நல்ல சேலை ஒன்றைத் தேடிக் கட்டிக்கொண்டு சந்தோஷமாகப் போனேன்.

எரிபொருள்களின் இரசாயனத்தைக் கற்பிக்கும்போது அதன் சமூகப் பக்கத்தையும் அறப் பக்கத்தையும் சேர்த்துக் கற்பிக்க வேண்டும் என்று இப்போது சொல்கிறார்களாம். யாருக்கு எரிபொருள் கிடைக்கிறது, யாருக்குக் கிடைப்பதில்லை, புகை யாருடைய வீட்டுக்குப் போகிறது என்பதெல்லாம் பாடமாம். ஓர் இளம் ஆசிரியை எழுந்து கேட்டார்: "அடர்த்தியைக் கணிச்சா சரி பிழை தெரியும் ரீச்சர். இதுக்கு எப்பிடிப் புள்ளி போடுறது? விடை என்ன எண்டு எங்களுக்கே தெரியாதே."

நான் ஏதோ அழகாகச் சொன்னேன். கை தட்டினார்கள். வீட்டுக்கு வந்து முகம் கழுவும்போதுதான், நான் சொன்னதில் பாதி பூச்சு என்று எனக்கே பட்டது. அந்தப் பாடத்தை நான் ஒரு தடவைதான் உருப்படியாகப் படிப்பித்திருக்கிறேன். அதுவும் ஒரு பிள்ளையின் படிப்பை ஏறக்குறையக் கெடுத்துவிட்டுத்தான் படிப்பித்தேன். மேடையில் சொல்ல வராததை இங்கே எழுதுகிறேன்.

நான் படித்ததும் பயிற்சி பெற்றதும் பெரிய கதை இல்லை. பட்டம், நியமனக் கடிதம், மூதூரில் சில வருடங்கள், குடாவைப் படகில் கடந்து போய்வந்த வாந்தி, பிறகு கப்பல்துறைப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு இடமாற்றம். அங்கேயே ஓய்வு பெறும்வரை இருந்துவிட்டேன். வீடு லிங்கநகரில். கிண்ணியாப் பிள்ளைகளும், சீனக்குடாப் பிள்ளைகளும், உள்ளூர்ப் பிள்ளைகளும் உயர்தர விஞ்ஞானத்துக்கு எங்களிடம் வருவார்கள். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் காடு. காட்டுக்கு அந்தப் பக்கம் அந்தக் காலத்து வெள்ளைக்காரன் கட்டிவைத்த எண்ணெய்த் தாங்கிகள். பெற்றோலியம் என்ற பாடம் தொடங்கும்போது யன்னலைத் திறந்து கையை நீட்டினால் போதும், வேறு படம் தேவையில்லை.

என்னை ஆசிரியை ஆக்கியவர் நஜிமுதீன் சேர். நான் போனபோது அவர் இரசாயனவியல் ஆசிரியர், பின்னால் பள்ளிக்கூடத்துக்கே அதிபர். அவர் சத்தம் போட்டு ஒருவரும் கேட்டதில்லை. வெள்ளைச் சேர்ட், பையில் ஒரே ஒரு பேனை. ஆய்வுகூடத்துக்குள் வந்தால் ஆட்களைப் பார்க்கமாட்டார், போத்தல்களைத்தான் பார்ப்பார். ஒவ்வொன்றாக எடுத்து லேபலை வாசிப்பார். லேபலில் நாலு வரி இருக்க வேண்டும் என்பது அவருடைய சட்டம்: உள்ளே என்ன, எங்கிருந்து வந்தது, எந்தத் திகதி, கொண்டுவந்தது யார். ஒரு வரி குறைந்தாலும் அந்தப் போத்தலைத் தூக்கிக் கழுவுதொட்டிக்குக் கீழே நிலத்தில் வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் போய்விடுவார். முதல் வருடம் என்னுடைய போத்தல்கள் பாதி நிலத்தில் இருந்தன. அழுகை வராத குறை.

"ஊர் பேர் தெரியாத சாமான ஆய்வுகூடத்தில வைக்காதீங்க ரீச்சர்," என்று ஒருநாள் சொன்னார். "நாளைக்கு ஒரு பிள்ளைட கண்ணுக்குள்ள பட்டா, டொக்டருக்கு நாங்க என்னத்தச் சொல்லுறது?"

அதற்குப் பிறகு நானும் அவரைவிடப் பெரிய கண்டிப்புக்காரியாகிவிட்டேன். குசினியில் மிளகாய்த்தூள் போத்தலிலும் நாலு வரி எழுதி வைத்து, மாமியாரிடம் பேச்சு வாங்கியிருக்கிறேன்.

எரிபொருளின் சமூகப் பக்கம் என்பதை நான் வருடக்கணக்காகக் கட்டுரையாகத்தான் படிப்பித்தேன். கரும்பலகையில் ஐந்து வசனம் எழுதுவேன், பிள்ளைகள் பார்த்து எழுதுவார்கள். சூரியனைப் பயன்படுத்துவோம், மரம் நடுவோம், பூமியைக் காப்போம். குடாவுக்கு அந்தப் பக்கம் நிலக்கரி மின் நிலையம் வரப்போகிறது என்று கதை அடிபட்ட காலத்தில், கிளிவெட்டியில் இருந்து வந்து விடுதியில் தங்கிப் படித்த ஒரு மாணவன் இப்படி எழுதியிருந்தான்: "எங்கள் வயலில் சாம்பல் விழும் என்று அப்பா சொல்கிறார். அங்கே வேலை கிடைக்கும் என்று அண்ணா சொல்கிறார். இரண்டு பேரும் ஒரே வீட்டில் இருக்கிறார்கள்." நான் அதற்குக் கீழே, முடிவுரை இல்லை என்று சிவப்பில் எழுதி இரண்டு புள்ளி குறைத்தேன். இன்றைக்கு அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அந்தப் பிள்ளை பாடத்தையே எழுதிவைத்திருந்தது, நான் முடிவுரை கேட்டேன்.

இனி அந்த ஒரு தடவைக்கு வருகிறேன். நாடு முழுக்க எரிபொருள் இல்லாமல் இருந்த மாதங்கள் அவை. கண்டி வீதியில் வாகன வரிசை, வரிசையில் ஆட்கள் சமைத்துச் சாப்பிட்டார்கள். பள்ளிக்கூடம் கிழமையில் மூன்று நாட்கள்தான். பக்கத்து வீட்டு யோகன் தன்னுடைய ஓட்டோவில் என்னையும் இன்னும் மூன்று ஆசிரியைகளையும் அடைத்துக்கொண்டு போவான். கிண்ணியாவில் மீன்பிடிக்காரர் வள்ளங்களைக் கரையில் ஏற்றி வைத்திருந்தார்கள். எங்கேயோ யாரிடமோ போத்தல் கணக்கில் பெற்றோல் விற்கிறார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். சட்டப்படி அது பிழை என்றும் எல்லாருக்கும் தெரியும்.

உயர்தர வகுப்பில் பதினாலு பிள்ளைகள். ஒருநாள் இர்ஷாத் பிந்தி வந்தான். கிண்ணியாப் பிள்ளை, அவனுடைய காக்கா, அதாவது தமையன், மஜீத் கடலுக்குப் போகிறவர். அவர்களுடைய எஞ்சின் மண்ணெண்ணெயில் ஓடும், ஆனால் கிளப்புவதற்கு மட்டும் கொஞ்சம் பெற்றோல் வேண்டும். மஜீத் யாரிடமோ ஒரு போத்தல் பெற்றோல் வாங்கிக்கொண்டு போயிருக்கிறார். எஞ்சினில் மிச்சமிருந்த பழைய பெற்றோலில் கிளப்பி விடியப் போய், வலை இழுப்பதற்கு அதை நிற்பாட்டியவர், பிறகு புதுப் பெற்றோலை ஊற்றி எவ்வளவு இழுத்தும் அது கிளம்பவில்லை. காற்று வெளியே தள்ள, பின்னேரம்வரை வள்ளம் சும்மா போய்க்கொண்டிருந்திருக்கிறது. வேறொரு போட்காரர் கண்டு கட்டி இழுத்து வந்தார்கள்.

"பெற்றோலில என்னமோ கலந்திரிக்கு ரீச்சர்," என்றான் இர்ஷாத். "உம்மா ரெண்டு நாளாச் சாப்பிடல்ல."

எனக்கு உடனே உற்சாகம் வந்துவிட்டது. இதை ஒளிக்க விரும்பவில்லை. ஒரு பிள்ளையின் வீட்டுத் துயரத்தைக் கேட்டதும் என் மனதில் வந்தது, ஆகா, நல்ல செய்முறைப் பாடம் என்பதுதான். அவரவர் ஊரில் கிடைக்கும் எரிபொருளில் ஒரு சின்னப் போத்தல் கொண்டுவாருங்கள் என்றேன். நாலு வரி லேபலையும் ஞாபகப்படுத்தினேன். ஒப்பிட்டுப் பார்க்கச் சுத்தமான பெற்றோல் ஒன்று வேண்டும் அல்லவா, அதை நியம மாதிரி என்போம். அதை நானே கொண்டுவருகிறேன் என்றேன். அன்று பின்னேரமே யோகனிடம் வெறும் போத்தலைக் கொடுத்து, "பாடத்துக்குத் தம்பி, நல்ல பெற்றோலா எடுத்து வா," என்றேன். அவன் எடுத்து வந்தான். எங்கே என்று நான் கேட்கவில்லை.

பாடம் நடந்த நாள் யன்னல்கள் எல்லாம் திறந்து, மணல் வாளிகளை வாசலில் வைத்து, மின் விசிறியைக்கூட நிற்பாட்டினோம். நெருப்பு என்ற பேச்சே இல்லை. செய்முறை மிகவும் எளிது. கண்ணாடிக் கோலை எரிபொருளில் தொட்டு வடிதாளில் ஒரு துளி வைக்க வேண்டும். பெற்றோல் என்றால் இரண்டு மூன்று நிமிடத்தில் பறந்து தாள் பழையபடி வெள்ளையாகிவிடும். மண்ணெண்ணெய் கலந்திருந்தால் எண்ணெய்க் கறை நிற்கும், வெளிச்சத்துக்குப் பிடித்தால் தாள் அந்த இடத்தில் கண்ணாடிபோல் தெரியும். என் நியமத் துளி சுத்தமாகப் பறந்தது. பிள்ளைகள் கொண்டுவந்த ஆறு பெற்றோல் போத்தல்களில் ஐந்து பரவாயில்லை. ஒன்று மட்டும் ஒரு ரூபாய் நாணயக் குற்றியளவு கறையை விட்டது.

இர்ஷாத் அந்தப் போத்தலை எடுத்து லேபலைச் சத்தமாக வாசித்தான். நான் பழக்கியபடியேதான் வாசித்தான். "பெற்றோல். ரபீக் கடை, கிண்ணியா. திங்கட்கிழமை. கொண்டுவந்தவர் ஷிபானா." பிறகு அவனுடைய குரல் மாறியது. "இது எங்கட காக்கா வாங்கின கடை."

ரபீக் ஷிபானாவுடைய வாப்பா.

வகுப்பில் கெட்டிக்காரி அவள். கறுப்பு மையில் அச்சடித்ததுபோல் எழுதுவாள். அந்த நாலு வரியையும் எவ்வளவு நேர்த்தியாக எழுதியிருந்தாள் என்பது இன்றும் என் கண்ணில் நிற்கிறது. புத்தகங்களைப் பைக்குள் வைத்தாள். மணி அடித்ததும் போனாள். அடுத்த வகுப்பு நாளில் வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் வரவில்லை. அவளை மூதூரில் மாமி வீட்டுக்கு அனுப்பப் போகிறார்கள், படிப்பை நிற்பாட்டப் போகிறார்கள் என்று ஒரு பிள்ளை சொன்னது. உயர்தரப் பரீட்சைக்கு ஐந்து மாதம் இருந்தது.

நான் அதிபரிடம் போனேன். உண்மையில் முறையிடத்தான் போனேன். தகப்பன் கலப்படம் செய்ததற்குப் பிள்ளையைத் தண்டிக்கிறார்கள், நீங்கள் ஆள் அனுப்பிப் பேச வேண்டும் என்று படபடவென்று கொட்டினேன். நஜிமுதீன் சேர் எல்லாவற்றையும் கேட்டார். பிறகு எழுந்து ஆய்வுகூடத்துக்கு நடந்தார். நான் பின்னால் போனேன். இறாக்கையில் இருந்த மாதிரிப் போத்தல்களை ஒவ்வொன்றாக எடுத்து வாசித்து, இருந்த இடத்திலேயே வைத்தார். கடைசியாக என்னுடையதை எடுத்தார். அதில் ஒரே ஒரு வரிதான் இருந்தது.

"நியமப் பெற்றோல்," என்று வாசித்தார். "மிச்ச மூண்டு வரியும் எங்க ரீச்சர்?"

"அது நியமம் தானே சேர்," என்றேன்.

"நியமத்துக்கு ஊர் இல்லையா?"

எனக்குக் கோபம் வந்தது. இத்தனை வருடம் கழித்து என்னைப் புது ஆசிரியையாக்குகிறாரே என்று. ஓட்டோக்காரத் தம்பி எங்கேயோ எடுத்தது, எனக்குத் தெரியாது என்றேன். அவர் அந்தப் போத்தலைக் குனிந்து கழுவுதொட்டிக்குக் கீழே நிலத்தில் வைத்தார்.

"கேட்டுட்டு வாங்க. அதுக்குப் பிறகு நாங்க அந்தப் பிள்ளைட வீட்டப் பத்திக் கதைப்பம்."

பின்னேரம் ஓட்டோவில் ஏறும்போதே யோகனிடம் கேட்டேன். மற்ற ஆசிரியைகளும் இருந்தார்கள். அவன் கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சிரித்தான்.

"கிண்ணியாவில ரபீக் காக்காட்டத்தான் ரீச்சர். முதல்ல முன்னுக்கு இருந்த பிளாஸ்டிக் கானில இருந்துதான் ஊத்தப் போனவர். எங்கட ரீச்சருக்கு, கப்பல்துறைப் பள்ளிக்கூடத்தில கெமிஸ்ட்ரி படிப்பிக்கிறவ எண்டு சொன்னனான். உடன உள்ளுக்குப் போய் வேற கானில இருந்து ஊத்தித் தந்தவர். 'மகள்ட ரீச்சருக்கு நல்லதாக் குடுக்கோணும்' எண்டவர்."

என்னுடைய சுத்தமான துளியும் அந்தப் பிள்ளையின் கறைத் துளியும் ஒரே கடையில் இருந்து வந்திருக்கின்றன. ரீச்சர் என்பதால் எனக்கு ஒரு கான், கடலுக்குப் போகிறவனுக்கு வேறு கான். அதை வைத்துக்கொண்டு நான் வகுப்பில் நின்று, சுத்தம் என்றால் இப்படி இருக்கும் பாருங்கள் என்று காட்டியிருக்கிறேன். பிள்ளைகளிடம் எங்கிருந்து என்று எழுது என்று கேட்ட நான், என் போத்தலில் மட்டும் எழுதவில்லை. மறந்துபோய் எழுதாமல் விட்டேன் என்று சொன்னால் அது பொய். எழுதினால் களவாக விற்ற பெற்றோலை ஆசிரியை வாங்கினாள் என்று வரும் என்பது எனக்கு உள்ளுக்குள் தெரிந்திருந்தது.

மறுநாள் பள்ளிக்கூடம் இல்லை. யோகனோடு பாலம் கடந்து கிண்ணியாவுக்குப் போனேன். கடை என்பது வீட்டின் முன் அறைதான். சவர்க்காரம், வெற்றிலை, நூல் கட்டை, மூலையில் பழைய மண்ணெண்ணெய்ப் பீப்பா ஒன்று. ரபீக் என்னைக் கண்டதும் எழுந்து தோளில் கிடந்த துவாயை எடுத்துக் கதிரையைத் துடைத்தார். ஐம்பது வயதிருக்கும், மெலிந்த ஆள். நான் பேசத் தொடங்குமுன் அவரே சொன்னார்.

"நான் கலந்தனான் ரீச்சர். இல்லையெண்டு சொல்லல்ல. ஆரும் வந்து கேட்டா இல்லையெண்டு அனுப்ப மனமில்ல. இருந்தது கொஞ்சம். கலந்தா இன்னும் நாலு பேருக்குக் காணும் எண்டு நினைச்சன். லாபத்துக்கு இல்லையெண்டும் சொல்ல ஏலாது. ரெண்டும்தான்."

ஷிபானா உள் வாசலில் வந்து நின்றாள். முகம் வீங்கியிருந்தது.

"வகுப்புக்கு வாங்க பிள்ளை," என்றேன்.

"வரமாட்டன் ரீச்சர். வாப்பாட பேர நான்தான் என்ட கையால எழுதிக் கொண்டுவந்து தந்தன்."

அந்த இடத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது. என்னுடைய போத்தலும் இந்தக் கடையில் இருந்துதான் வந்தது, அதை வகுப்பில் நான் சொல்லப் போகிறேன் என்றேன். ரபீக் பதறிப்போனார்.

"வேணாம் ரீச்சர். எங்கட பேர் போனது போகட்டும். உங்கட பேரையும் கெடுக்காதீங்க. படிப்பிக்கிற ஆள் நீங்க."

"அதுக்காகத்தான் சொல்லோணும்," என்றேன். சொல்லும்போது எனக்குப் பெரிய துணிவு ஒன்றும் இருக்கவில்லை.

அடுத்த வகுப்பு நாளில் நியமப் போத்தலை மேசையில் வைத்து, பிள்ளைகள் பார்க்க மிச்ச மூன்று வரியையும் எழுதினேன். எழுதியதை வாசித்தேன். ரபீக் கடை, கிண்ணியா. திகதி. கொண்டுவந்தவர் என்ற இடத்தில் என் பெயர். யோகன் சொன்னதையும், உள்ளே இருந்த வேறு கானையும் சொன்னேன். இதை வாங்கியது பிழை, ஒளித்தது அதைவிடப் பிழை என்றேன்.

இர்ஷாத் கையை உயர்த்தினான். வழக்கமாக உயர்த்தாமலே கத்துகிறவன்.

"அப்ப ரீச்சர், எங்கட காக்காக்காக நீங்க போய்க் கேட்டிருந்தா, நல்லது தந்திருப்பாரா?"

முப்பது வருடத்துக்குக் கிட்டப் படிப்பித்தவள் நான். இவ்வளவு கடினமான கேள்வியை ஒருவரும் என்னிடம் கேட்டதில்லை. சுற்றி வளைத்துச் சொல்ல எத்தனையோ வழி இருந்தது.

"ஓம்," என்றேன். "தந்திருப்பார்."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். அன்று நான் கரும்பலகையில் ஒரு வசனமும் எழுதவில்லை. பிள்ளைகள்தான் பேசினார்கள். வரிசையில் இரண்டு நாள் நின்ற தகப்பனைப் பற்றி, வரிசைக்குப் போகாமலே பெற்றோல் எடுத்த மாமாவைப் பற்றி, விறகுப் புகையில் இருமும் தாயைப் பற்றி. ஒவ்வொரு வீட்டிலும் யாரோ ஒருவருக்கு உள் அறைக் கான் இருந்திருக்கிறது. மணி அடித்ததும் யாரும் எழும்பவில்லை.

அதிபரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். விளக்கக் கடிதம் ஏதும் தர வேண்டுமா என்று கேட்டேன். "லேபல எழுதிட்டீங்களே," என்றார், அவ்வளவுதான். பிறகு வெளியே வந்து, நான் படியிறங்கும்வரை நின்றார். அவர் அப்படி யாருக்கும் நின்று நான் கண்டதில்லை.

அதற்கு அடுத்த வகுப்பு நாள் ஷிபானா வந்தாள். நேரே என்னுடைய மேசைக்கு வந்து பையில் இருந்து ஒரு சின்னப் போத்தலை எடுத்து வைத்தாள். நாலு வரி லேபலோடு, அவர்கள் வீட்டு மண்ணெண்ணெய்.

"இர்ஷாத் கடைக்கு வந்தவன் ரீச்சர். உன்னோட கோபமில்ல, எவ்வளவு கலந்த எண்டு மட்டும் எனக்குத் தெரியோணும் எண்டு கேட்டான். கால் பங்கு எண்டு வாப்பா சொன்னார். அவன் நம்பல்ல. வாப்பா சொன்னது சரியெண்டு அவனுக்கு நான் காட்டோணும். அளந்து பாக்க ஏலுமா?"

ஏலும். அதுதான் வேடிக்கை. என்னுடைய போத்தலின் ஊர் தெரியாமல் இருந்திருந்தால் ஏலாது. கலக்காத பெற்றோல், கலந்த பெற்றோல், கலக்கப் பயன்பட்ட மண்ணெண்ணெய், மூன்றும் ஒரே கடையுடையவை என்பது இப்போது எங்களுக்குத் தெரியும். மண்ணெண்ணெய் பெற்றோலைவிட அடர்த்தி கூடியது. என் நியமத்தில் பத்தில் ஒரு பங்கு, இரண்டு பங்கு, மூன்று பங்கு, நாலு பங்கு என்று மண்ணெண்ணெய் கலந்து, ஒவ்வொன்றிலும் ஐம்பது மில்லிலீற்றர் எடுத்து நிறுத்து, வரைபுத்தாளில் புள்ளி போட்டால் நேர்கோடு வரும். அவளுடைய போத்தலில் இருந்தும் ஐம்பது எடுத்து நிறுத்து, அந்தக் கோட்டில் எங்கே விழுகிறது என்று பார்த்தால் பங்கு தெரிந்துவிடும்.

இரண்டு பாடவேளை எடுத்தது. ஷிபானா யாரையும் தொட விடவில்லை. அளவுச்சாடியின் முன் குனிந்து, கண்ணை மட்டத்துக்குக் கொண்டுவந்து, துளித்துளியாக விட்டாள். பெற்றோல் பறந்துவிடாமல் ஒவ்வொரு தடவையும் வாயை மூடினாள். இர்ஷாத் தராசின் எண்ணை வாசித்தான். மற்றப் பிள்ளைகள் சுற்றி நின்றார்கள். கலக்காததோடு சேர்த்து ஐந்து புள்ளிகளும் ஒரே கோட்டில் நின்றன. எனக்கு அவளைக் கட்டிப்பிடிக்க வேண்டும்போல் இருந்தது. பிறகு அவள் தன்னுடைய போத்தலின் எண்ணை எடுத்து, அடிமட்டத்தை வைத்து, கோட்டைத் தொட்டுக் கீழே இறக்கினாள்.

கால் பங்கில் அது விழவில்லை. அதைத் தாண்டி, மூன்றில் ஒரு பங்கில் விழுந்தது.

அவள் மறுபடி நிறுத்தாள். மூன்றாம் தடவையும் நிறுத்தாள். எண் மாறவில்லை.

"பழைய தராசு பிள்ளை," என்றேன் நான். பிழைதான், தராசு நல்ல தராசு. என்னால் அவளுடைய முகத்தைப் பார்க்க முடியவில்லை.

இர்ஷாத் வரைபுத்தாளை எட்டிப் பார்த்துவிட்டு, "கிட்டத்தட்டக் கால்தானே, விடு," என்றான். தமையன் கடலில் என்ன ஆனாரோ என்று ஒரு பகல் முழுக்கத் தவித்தவன், அவன்தான் அப்படிச் சொன்னான். அதை நான் என்றைக்கும் மறக்கமாட்டேன்.

ஷிபானா எங்கள் இரண்டு பேரையும் பார்த்தாள்.

"இல்ல," என்றாள். "மூண்டில ஒண்டு. மூண்டு தரம் நிறுத்தாச்சு." கறுப்பு மையில் வரைபுக்குக் கீழே அதையே எழுதி, தன் பெயரையும் வாப்பாவின் கடையின் பெயரையும் எழுதினாள். தாளை நாலாக மடித்துப் பையில் வைத்து, வீட்டுக்குக் கொண்டுபோனாள்.

இனி வரவே மாட்டாள் என்று நினைத்தேன். முதல் தடவை லேபலால் கெடுத்தேன், இந்தத் தடவை தராசால் கெடுத்தேன் என்று என் கணவரிடம் சொன்னேன். அவர் பத்திரிகையை மடித்துவைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து இருந்தார்.

மறு வகுப்பு நாள் காலை மணி அடிக்க முன்னம், பள்ளிக்கூட வாசலில் ரபீக் சைக்கிளோடு நின்றார். பாலம் கடந்து மகளை ஏற்றிக்கொண்டு அவ்வளவு தூரம் மிதித்து வந்திருந்தார். சேர்ட் முதுகில் ஒட்டியிருந்தது. ஷிபானா இறங்கி எனக்கு ஸலாம் சொல்லிவிட்டு, பையைத் தோளில் சரிசெய்துகொண்டு வகுப்புக்கு நடந்தாள். அவள் படியேறி மறையும்வரை இரண்டு பேரும் பார்த்துக்கொண்டு நின்றோம்.

"பிள்ள சரியாத்தான் அளந்திரிக்கு ரீச்சர்," என்றார் ரபீக். "ரெண்டு போத்தல் பெற்றோலுக்கு ஒரு போத்தல் மண்ணெண்ணெய். எனக்குத் தெரியும்தானே."

"பிறகேன் கால் எண்டு சொன்னீங்கள்?"

அவர் சைக்கிள் மணியைத் துவாயால் துடைத்தார். அதில் தூசி ஒன்றும் இல்லை.

"மகள் கேட்டா ரீச்சர். அவக்கு முன்னால கொஞ்சம் நல்லவனா இரிப்பம் எண்டு நினைச்சன்."

சொல்லிவிட்டுச் சைக்கிளைத் திருப்பினார். மஜீத் வலை காயவைத்துக்கொண்டு கரையில் இருப்பார், அவரிடமும் மூன்றில் ஒன்று என்றுதான் சொல்லப் போகிறேன் என்று போகும்போது சொல்லிக்கொண்டு போனார்.